பலகையும் வெப்பமும்

திருவண்ணாமலையில் தீபத் திருவிழா நடைபெறும் கார்த்திகை, வடகிழக்குப் பருவமழைக் காலமுமாகும். அந்நாட்களில் கதவுகள் நிலையில் இறுகுவதையும், நூற்கட்டு அடுக்கிய பலகைகள் ஓரத்தில் உப்புவதையும் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதே இதன் காரணம்.

ஒட்டுப் பலகை, துகள் பலகை, நார்ப்பலகை ஆகியவை மரத்தைத் தாளாகவோ, துகளாகவோ, நாராகவோ பிரித்துப் பிசினிட்டு, சூட்டில் அழுத்திச் செய்யப்படுவன. ஆகவே துகள், நார்ப்பலகைகளில் இருவகைப் பருமன் உண்டு. மரம் தானே பருப்பது ஒன்று. அழுத்தப்பட்ட துகள் நனைந்ததும் பழைய நிலைக்கு மீள முயல்வது மற்றொன்று. பின்னது காய்ந்தபின்பும் முழுதும் அடங்குவதில்லை.

இதற்குப் பரிகாரமாகவே வெப்பப் பதனம் ஆராயப்படுகிறது. காற்றுக் குறைந்த அறையில், நீராவியின் துணையுடன், ஏறத்தாழ 160 முதல் 220 டிகிரி சென்டிகிரேடு வரை மரத்தைச் சூடேற்றுவர். பின்லாந்தில் 1990-களில் இம்முறை பெருந்தொழிலாக வளர்ந்தது. மரத்தில் நீரை மிகுதியாக ஈர்ப்பது ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருள். வெப்பத்தில் முதலில் சிதைவதும் அதுவே. எனவே பதனிட்ட மரம் குறைவாகப் பருக்கிறது; பூஞ்சையை ஓரளவு தாங்குகிறது; நிறமோ பழுப்பாகிறது.

எனினும் ஆதாயம் அனைத்தும் இலவசமன்று. வெப்பம் மிகுந்தோறும் மரம் நொறுங்கும் தன்மை அடைகிறது. வளைவைத் தாங்கும் வலிமை குறைகிறது. துகளை முன்னரே சூடேற்றினால் பிசின் அதில் நன்கு ஊறாது, பிணைப்புத் தளரக்கூடும். செய்து முடித்த பலகையைச் சூடேற்றினால், யூரியா பார்மால்டிஹைடு பிசின் எளிதில் சிதையும். பீனால் பார்மால்டிஹைடு பிசின் மேலும் உறுதியாக நிற்கும். ஆதலால் பலகையை வீட்டில் நெருப்பில் வாட்டிப் பதப்படுத்த முயலலாகாது. அதில் எழும் பார்மால்டிஹைடு ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்.

கைத்தறி ஆடைகளை அயல்நாட்டிற்கு அனுப்பும் சங்கத்தார் மற்றொரு விதியையும் அறிதல் நலம். 2002-இல் ஏற்கப்பட்ட சர்வதேச விதிப்படி, பதனிடாத மரப்பெட்டியின் நடுப்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்று. இது புழுப்பூச்சியைக் கொல்வதற்கே. பருமனைத் தடுக்க அன்று. சூட்டிலும் பிசினிலும் அழுத்தத்திலும் உருவான ஒட்டுப் பலகைக்கு இவ்விதியில் விலக்கு உண்டு.

மலைவேம்பு பயிரிடும் விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. அம்மரம் தாளாக உரிக்கப்பட்டு ஒட்டுப் பலகையாகிறது. மேட்டுப்பாளையத்திலுள்ள வனக்கல்லூரி, ஆலைகளோடு ஒப்பந்தம் செய்து மரம் வளர்க்கும் முறையை ஊக்குவித்துள்ளது. நம் மரம் எவ்வகைப் பலகையாகும் என்பதை அறிந்தால், எதற்கு என்ன விலை கேட்பது என்பதும் தெளிவாகும்.

சங்கக் கிடங்கிற்குப் பலகை வாங்குவோர் செய்யத்தக்கது எளிது. இரு மாதிரித் துண்டுகளின் கனத்தை அளந்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் அளக்கவும். குறைவாகப் பருப்பதே ஈரமான இடத்திற்கு ஏற்றது. வெட்டிய ஓரங்களுக்கு வர்ணம் பூசவும். நீர் முதலில் நுழைவது அங்கேதான். தறியின் படைமரம், மிதிகட்டை முதலிய பாரம் தாங்கும் உறுப்புகளுக்கோ, நன்கு உலர்ந்த வைரம் பாய்ந்த மரமே உகந்தது. ஈரத்தை வெல்லும் பலகை ஒன்று. பாரத்தை வெல்லும் மரம் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து வாங்கினால் சங்கத்தின் பணம் வீணாகாது.