கரியமில வாயு கூடினாலும் கிழங்கு பெருக்காதது ஏன்? உருளைக்கிழங்குப் பயிரும் வெப்பமான இரவுகளும்

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் உருளைக்கிழங்கு வாங்குவோர், ‘ஜோதி’யா, ‘சந்திரமுகி’யா என ரகத்தைக் குறிப்பிட்டே கேட்பது வழக்கம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1968-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இவ்விரு ரகங்களும் ஹூக்ளி, பர்தமான் வட்டாரங்களில் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. உருளைக்கிழங்கு உற்பத்தியில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் உள்ள மேற்கு வங்கத்தில், இப்பயிருக்குக் குளிர்கால இரவுகளே ஆதாரம்.

கார்பன் பங்கீடு

இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கின்றன. அச்சர்க்கரை இலை, தண்டு, வேர், கிழங்கு ஆகியவற்றுக்குப் பிரித்து அனுப்பப்படுவதே ‘கார்பன் பங்கீடு’ எனப்படுகிறது. கிழங்கைச் சென்றடையும் சர்க்கரை அங்கு மாவுச்சத்தாகச் சேமிக்கப்படுகிறது.

பகற்பொழுது குறைந்து இரவு குளிரும்போது, இலைகளில் ‘எஸ்பி6ஏ’ என்னும் புரதம் உருவாகிறது. அது மண்ணுக்கடியில் உள்ள கிளைகளின் நுனிக்குச் சென்று கிழங்கு உருவாவதைத் தூண்டுகிறது. வெப்பம் மிகுந்தால் இப்புரதம் குறைவதால், சர்க்கரையின் பெரும்பகுதி தண்டுக்கும் இலைக்குமே செல்கிறது. இரவில் சுவாசத்துக்காகச் செலவாகும் சர்க்கரையின் அளவும் உயர்கிறது. இதனால், செடி பசுமையாகச் செழித்திருந்தாலும் மண்ணுக்கடியில் கிழங்கு சிறுத்துவிடுகிறது.

விவசாயிகளின் நெருக்கடி

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, தற்போது 420 பங்கைக் கடந்துள்ளது. இவ்வுயர்வு ஒளிச்சேர்க்கைக்கு உதவும் என்றாலும், கூடுதலாகக் கிடைக்கும் சர்க்கரை கிழங்குக்குச் செல்லாவிட்டால் விவசாயிக்குப் பயனில்லை.

நடவுக் காலத்தை மாற்றுவதும் எளிதல்ல. ஆமன் பருவ நெல் அறுவடை முடிந்து நவம்பர் வாக்கில்தான் நிலம் கிடைக்கிறது. நடவு தாமதமானால், கிழங்கு பருக்கும் காலத்தில் பிப்ரவரி, மார்ச் மாத வெப்பம் தாக்குகிறது.

வைக்கோல் மூடாக்கு மண்ணின் வெப்பத்தைத் தணித்து ஓரளவு உதவுகிறது. இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகுதிகளிலும் கிழங்கு பிடிக்கும் ‘குஃப்ரி சூர்யா’ என்ற ரகத்தை, மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006-ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தியது குறிப்பிடத்தக்கது.