குழந்தையின் கல்லீரல் நோயும் தாயின் கைப்பக்குவமும்

1998 நவம்பர் 15 அன்று தில்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அதுதான். இரண்டு வயது நிரம்பாத அந்தப் பிள்ளை பின்னாளில் டாக்டருக்கே படித்தார். அறுவையின் பெருமையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய பராமரிப்பைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

அக்குழந்தைக்கு வந்தது பிலியரி அட்ரீசியா என்னும் பித்தநாள அடைப்பு. பித்தம் குடலுக்கு இறங்காமல் கல்லீரலிலேயே தேங்கி அதைக் கெடுத்துவிடும். ஜப்பானிய மருத்துவர் கசாய் வகுத்த அறுவையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நம் வீடுகளிலோ, "பச்சைப் புள்ளைக்கு மஞ்சள் வரத்தான் செய்யும், வெயிலில் காட்டு" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பாய் வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விட்டால், கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பிலிருபினை நேரடி, மறைமுகம் என்று பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்.

இனி பராமரிப்பு. பித்தம் இல்லாமல் கொழுப்பு செரிக்காது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் ஒட்டாது. கே குறைந்தால் ரத்தம் உறையாது. ஈறில் கசிவு, காரணமில்லாத கன்றல் தெரிந்தால் சும்மா விடக்கூடாது. பித்தத்தின் உதவி அதிகம் இல்லாமலே செரிக்கும் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் கணிசமாக உண்டு. டாக்டர் சொல்லும் அளவில் அதை உணவில் சேர்ப்பார்கள். (நம் பாட்டிமார் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்!) வயிற்றில் நீர் கோக்கிறதா என்றறிய, தினமும் ஒரே நேரத்தில், தொப்புளை ஒட்டி ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து, எடையோடு நோட்டில் எழுதுங்கள். அரிப்பு பிள்ளையைத் தூங்கவிடாது. நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தித் துணி போடுங்கள். ரத்த வாந்தி, தார் போன்ற மலம், பகலெல்லாம் மயக்கத் தூக்கம் என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் கன்னடமோ மலையாளமோ பேசக்கூடும். கூச்சப்படாமல், புரியும்வரை கேளுங்கள். மருந்தை எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். 'ஒரு ஸ்பூன்' என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

மாற்று அறுவைக்குப் பின் டாக்ரோலிமஸ் மருந்தைப் பெரும்பாலும் 12 மணிக்கு ஒருமுறை தருவார்கள். ஊருக்குப் போகிற ரயிலிலும் வேளை தப்பக்கூடாது. பம்பளிமாஸ் பழம் ரத்தத்தில் இம்மருந்தின் அளவை ஏற்றிவிடும், அதைத் தரவேண்டாம். கல்யாண வீட்டுக் கூட்டம் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். உறவுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.