71 ஆண்டுக்கு ஒரு முறை வரும் விருந்தாளி

2024-ல் வந்துபோன மங்கலான வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, இருட்டு வேண்டியிருந்தது.

2024 ஏப்ரல் முதல் வாரம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேற்கு வானில் வியாழன் கிரகம் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே, அடிவானத்துக்குச் சற்று மேலே, பைனாகுலரை மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை. லென்சில் தூசி ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அது போகாது. அதுதான் 12பி என்ற வரிசை எண் கொண்ட பான்ஸ்-புரூக்ஸ் வால் நட்சத்திரம். இந்தியாவின் நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இத்தனைக்கும் அது பரம்பரை விருந்தாளி. 1812 ஜூலையில் பிரான்சின் மார்சேய் நகரில் ஜான் லூயி பான்ஸ் அதை முதலில் கண்டார். சுமார் 71 ஆண்டுக்கு ஒரு முறை அது திரும்பி வரும் என்று ஜெர்மானியரான என்கே கணக்கிட்டார். 1883-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் புரூக்ஸ் தற்செயலாக ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாதையைப் போட்டுப் பார்த்தபோது பழைய ஆசாமிதான் என்று தெரிந்தது. 1954-க்குப் பிறகு 2024 ஏப்ரல் 21 அன்று அது மீண்டும் சூரியனை நெருங்கியது. அப்போது இடைவெளி சுமார் 11.7 கோடி கிலோமீட்டர். திரும்பிப் போகும்போது நெப்டியூனையும் தாண்டி ஏறக்குறைய 500 கோடி கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விடும்.

நூறு மடங்கு வெளிச்சம்

அதன் வரவை விஞ்ஞானிகள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள 4.3 மீட்டர் தொலைநோக்கி, சுமார் 178 கோடி கிலோமீட்டர் தொலைவிலேயே அதைப் படம் பிடித்தது. 2023 ஜூலையில் யாரும் எதிர்பாராத வகையில் அது திடீரென்று ஏறக்குறைய நூறு மடங்கு பிரகாசமானது. கருவுக்குள் அடைபட்டிருந்த வாயு தூசியோடு பீறிட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. படங்களில் அதன் தலை இரண்டு கொம்பு முளைத்ததுபோலத் தெரிந்ததால் பத்திரிகைகள் ‘கொம்பு வால் நட்சத்திரம்’ என்று பெயர் சூட்டின.

நூறு மடங்கு வெளிச்சம் என்பது வானியல் கணக்கில் சரியாக ஐந்து படிகள். இந்த அளவுகோலை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-லிருந்து இறக்கும்வரை, முப்பது ஆண்டுகள், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த அரசு வானாய்வுக் கூடத்தின் தலைவராக இருந்தவர்.

மங்கலான வால் நட்சத்திரத்தைத் தேடுவதில் உள்ள தவிப்பை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். சுமார் ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த பீலா வால் நட்சத்திரம் 1846-ல் இரண்டாகப் பிளந்தது. 1852-க்குப் பிறகு காணாமலே போனது. 1872 நவம்பர் 27 இரவு, அது வரவேண்டிய திசையிலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின. பீலா பூமியை உரசிவிட்டுப் போவதாக நினைத்த ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், தெற்கு வானில் தேடும்படி போக்சனுக்குத் தந்தி அடித்தார். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் அதிகாலையில் போக்சன் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டேவிட்டார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாள் பதிவு தேவை. கையில் இருந்ததோ இரண்டு. அவர் பார்த்தது பீலா அல்ல என்று பிற்காலக் கணக்குகள் சொல்கின்றன. அது எது என்பது இன்றுவரை புதிர்தான்.

ஓரக்கண்ணால் பார்க்கும் கலை

இப்படிப்பட்ட ஒன்றைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி அவசியமில்லை. ஆனால் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் ஒரு தடவை டார்ச் அடித்தாலும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால்தான் வான் நோக்கர்கள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்கிறார்கள். நேராக உற்றுப் பார்த்தால் கறை மறைந்துவிடும்; சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் இருப்பதே காரணம்.

தெரிவது வால் நட்சத்திரம்தான் என்று எப்படி நிச்சயம் செய்வது? அருகிலுள்ள நட்சத்திரங்களோடு சேர்த்துப் படம் வரைந்து, அடுத்த நாள் மறுபடி பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் சந்தேகமில்லை. 2024 மார்ச்சில் பான்ஸ்-புரூக்ஸ் தினமும் சுமார் இரண்டு முழு நிலவின் அகலத்துக்கு நகர்ந்தது. ஆண்ட்ரோமீடாவில் இருந்தது, மாதக் கடைசியில் மேஷத்தின் ஹமால் நட்சத்திரத்தை ஒட்டி வந்தது.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே எட்டக்கூடிய வெளிச்சம் அதற்கு இருந்தது. தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் வானத்தை வெளுக்க வைத்த நகரங்களில் அது எடுபடவில்லை. லடாக்கின் ஹான்லே பகுதியில் நிலைமை வேறு. இந்திய வான் இயற்பியல் மையத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் 2022 டிசம்பரில் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தினர் ஜன்னல்களுக்குத் திரை போடுகிறார்கள், விளக்குகளை மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்புகிறார்கள். உள்ளூர்வாசிகள் சிலருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுக்கப்பட்டன. பயணிகளுக்கு வானத்தைக் காட்டுவது அவர்களுக்கு வருமானமாகவும் ஆகியிருக்கிறது.

தவறவிட்டவர்களுக்கு வேறு வாய்ப்புகள் உண்டு. அதே என்கேயின் பெயரைத் தாங்கிய வால் நட்சத்திரம் 3.3 ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. 2027 பிப்ரவரி அதன் முறை. பான்ஸ்-புரூக்ஸ் திரும்புவது 2095-ல். 2024-ல் தந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுமிக்கு அப்போது 81 வயது. தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அன்று அவள் பேரனுக்குக் காட்ட ஊருக்கு வெளியே இருட்டு மிஞ்சியிருக்குமா என்பதற்குத்தான் கணக்கு இல்லை.