ஒன்பதாம் பிட்டின் இரட்டை வேடம்

கணினியின் பக்கவாட்டுத் துளையில் பேனா டிரைவைச் செருகுகிறீர்கள். ஓரிரு நொடிகளில் அதிலுள்ள கோப்புகள் திரையில் தோன்றுகின்றன. அதற்குள் கணினி ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: "வந்திருப்பவர் எவ்வளவு வேகமாகப் பேசுபவர்?"

யு.எஸ்.பி. இணைப்பு 1996-ல் அறிமுகமானபோதே அதற்கு இரண்டு வேகங்கள் இருந்தன. விசைப்பலகை, மவுஸ் போன்ற எளிய கருவிகளுக்கு நொடிக்கு 15 லட்சம் பிட். மற்றவற்றுக்கு 120 லட்சம் பிட். 2000-ல் 48 கோடி பிட் வேகமும், 2008-ல் 500 கோடி பிட் வேகமும் சேர்ந்துகொண்டன. மிக மெதுவான கருவியுடன் முதல் உரையாடலில் ஒரு தடவைக்கு 8 பைட் வரைதான் பேசலாம். 500 கோடி வேகக் கருவிக்கோ அந்த அளவு 512 பைட். ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால் பேச்சு தொடக்கத்திலேயே முறிந்துவிடும். நீங்கள் இரவெல்லாம் எழுதிய செயல்திட்டக் கட்டுரை பேனா டிரைவுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்!

கருவி தன் வேகத்தை எப்படி அறிவிக்கிறது? இங்கே முதலில் வேலை செய்வது மென்பொருள் அல்ல, ஒரு சிறிய மின்தடை. யு.எஸ்.பி. வடத்தில் செய்தி செல்ல டி பிளஸ், டி மைனஸ் என இரண்டு கம்பிகள் உண்டு. கணினிப் பக்கத்தில் இவை ஒவ்வொன்றும் 15 கிலோ ஓம் மின்தடை வழியாகச் சுழி மின்னழுத்தத்துடன் இணைந்திருக்கும். கருவிக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை, இரண்டில் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும். அந்தக் கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கும்? ஓம் விதி படித்தவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். 3 வோல்ட் என்று விடை வரும். உயர்ந்தது டி மைனஸ் என்றால் வந்திருப்பது 15 லட்சக் கருவி. டி பிளஸ் என்றால் 120 லட்சம்.

48 கோடிக் கருவி சற்றுத் தந்திரமானது. முதலில் டி பிளஸ்ஸை உயர்த்தி, 120 லட்சக் கருவியைப் போலவே நடிக்கும். கணினி அதை 'ரீசெட்' செய்யும்போது ஒரு குறுகிய சைகை கொடுக்கும். பொறியாளர்கள் இதற்குப் பறவையின் கீச்சொலி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் கீச்சிட்டால் இருவரும் உயர்வேகத்துக்குத் தாவுவார்கள். பதில் இல்லையென்றால் கருவி 120 லட்சத்திலேயே நின்றுவிடும். 500 கோடி வேகத்துக்கோ தனிக் கம்பிகளே உண்டு. ஆகவே அந்த வகைக் கிளைப்பெட்டி, அதாவது 'ஹப்', ஒரே கூட்டுக்குள் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இரண்டு ஹப்களைக் கொண்டது.

இனி, இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலுக்கு வருவோம். (கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு, பொருத்தமான பெயர்தான்!) கெர்னல் வோல்ட்டைப் பார்ப்பதில்லை. "உன் துளையில் என்ன நிலை?" என்று ஹப்பைக் கேட்கும். ஹப் 16 பிட்களில் நிலையைச் சொல்லும். வலக்கோடியைச் சுழி என்று வைத்து எண்ணினால், பழைய ஹப்பில் 8-ஆம் பிட் மின்சாரம் இருப்பதையும், 9-ஆம் பிட் 15 லட்சக் கருவி என்பதையும், 10-ஆம் பிட் 48 கோடிக் கருவி என்பதையும் குறிக்கும். 9, 10 இரண்டும் சுழியானால் 120 லட்சம்.

2008-ல் வந்த புதிய ஹப்பில் இந்த இடங்கள் மாறிவிட்டன. 5 முதல் 8 வரையுள்ள பிட்கள் இணைப்பின் நிலையைச் சொல்கின்றன. மின்சாரம் இருப்பதைக் காட்டும் வேலை 9-ஆம் பிட்டுக்குப் போய்விட்டது! 10 முதல் 12 வரை வேகம். மூன்றும் சுழி என்றால் 500 கோடி.

"மாலை வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். சொன்னவர் பூக்கடைக்காரரா, ஆடு மேய்ப்பவரா என்று தெரியாமல் பொருள் கொள்ள முடியுமா? பழைய விதியையே வைத்திருக்கும் கெர்னல் இந்தக் குழப்பத்தில்தான் விழும். புதிய ஹப் "மின்சாரம் இருக்கிறது" என்று 9-ஆம் பிட்டை உயர்த்த, கெர்னல் அதை "மெதுவான கருவி" என்று படிக்கும். மிக வேகமான கருவி, மிக மெதுவானதாகப் பதிவாகும்.

லினக்ஸ் கெர்னல் இதை நேர்வழியில் தீர்க்கிறது. நீ எந்த வகை ஹப் என்பதை முதலில் அறிந்துகொண்டு, பிறகே பிட்களைப் படிக்கிறது. ஓபன் பி.எஸ்.டி. என்ற இயக்க முறைமையின் வழி வேறு. இந்த இரண்டு பதில்களைப் பாருங்கள்:

0000 0011 0000 0011
0000 0010 0000 0011

முதலாவது, பழைய ஹப்பில் 15 லட்சக் கருவி. இரண்டாவது, புதிய ஹப்பில் 500 கோடிக் கருவி. வேறுபாடு 8-ஆம் பிட்டில் மட்டுமே. பழைய ஹப்பில் மின்சாரம் பெறும் துளைக்கு அது எப்போதும் 1. புதியதில், இணைப்பு இயல்பாக இயங்கும்போது அது 0. எனவே 8-ஆம் பிட் சுழியாக இருந்தால் ஓபன் பி.எஸ்.டி. 9-ஆம் பிட்டை அழித்துவிட்டு மேலே படிக்கிறது. வேகம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் ஹப்பின் வேகத்தையே கருவிக்கும் கொடுக்கிறது. இரண்டே வரிகளில் அமைந்த இந்த யுக்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இணைப்பு பழுதிலிருந்து மீளும் கணத்தில் புதிய ஹப்பிலும் 8-ஆம் பிட் 1 ஆகலாம் என்பதால், லினக்ஸின் வழியே உறுதியானது.

2013-ல் 1000 கோடி பிட் வேகம் வந்தது. வேகத்துக்கு ஒதுக்கிய மூன்று பிட்களில் அது இடம்பெறவில்லை. அதற்காக, கெர்னல் தனியாகக் கேட்டால் ஹப் தன் வழக்கமான 4 பைட் பதிலை 8 பைட்டாக நீட்டி, அந்தக் கூடுதல் பகுதியில் வேகத்தைச் சொல்கிறது.