கோழி இறகும் கொடுவா மீனும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

இக்கல்லூரியில் நான் சேர்ந்தபோது எனக்குக் கட்டணம் கட்டியது ஒரு கொடுவா மீன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். சேர்க்கைக்கு இரண்டு நாட்களே இருந்தன. வீட்டில் பணம் இல்லை. அன்று பின்னிரவில் என் சித்தப்பா வெள்ளாற்று முகத்துவாரத்தில் கரையில் நின்று தூண்டில் வீசி, 9 கிலோ எடையுள்ள கொடுவா ஒன்றைப் பிடித்தார். ஏலத்தில் அது நல்ல விலைக்குப் போயிற்று. கட்டணம், புத்தகங்கள், இரண்டு சட்டைகள் எல்லாம் அதில் அடங்கின.

ஏலம் எடுத்தவர் மீனை வெட்டியபோது நான் அருகில் நின்றேன். வயிறு நிறையச் சினை இருந்தது. “தாயி” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுச் சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சொல்லின் முழுப்பொருள் எனக்கு இரண்டாம் ஆண்டில், நம் விலங்கியல் வகுப்பறையில்தான் விளங்கிற்று. கொடுவா எத்தகைய மீன், கரையில் நின்றே அதை இறகால் ஏமாற்றிப் பிடிப்பது எப்படி, பிடித்தபின் நம் கடமை யாது என்னும் மூன்றையும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடுவாவின் வாழ்க்கை

ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்று பல மீன்களைச் சொல்வார்கள். அயர்லாந்து, வேல்ஸ், பிரான்சு நாட்டுக் கரைகளில் பிடிபடும் ஐரோப்பிய சீ பாஸ் வேறு. நம் கொடுவா வேறு. கொடுவாவை ‘ஆசிய சீ பாஸ்’ என்பர். ஆஸ்திரேலியாவில் அதற்குப் ‘பாரமுண்டி’ என்று பெயர். அந்நாட்டுத் தொல்குடியினர் மொழியிலிருந்து வந்த சொல் அது. 1790-இல் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இம்மீனுக்கு அறிவியல் பெயரிட்டார். இன்று ‘லேட்டஸ் கால்காரிஃபர்’ என்று வழங்குகிறோம். ‘கால்காரிஃபர்’ என்றால் குதிமுள் தாங்கியது என்று பொருள். செவுள் மூடியின் ஓரத்தைத் தெரியாமல் தொட்டு விரலை அறுத்துக்கொண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை இம்மீன் வாழ்கிறது. கடலிலும் இருக்கும், கழிமுகத்திலும் இருக்கும், ஆற்றின் நன்னீரிலும் இருக்கும். முட்டையிடுவதற்கு மட்டும் உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதிக்கு வந்தாக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஏற்ற நீரோடு முட்டைகள் உள்ளே வருமாறு இடுகிறது. முட்டையின் விட்டம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் சுரபுன்னைக் காடுகளின் ஓடைகளிலும் சதுப்பிலும் ஒதுங்கி வளர்கின்றன. நம் பிச்சாவரத்துக் காடு இருப்பதால்தான் எங்கள் ஊரில் கொடுவா இருக்கிறது என்றால் மிகையாகாது.

கொடுவா விரட்டி வேட்டையாடும் மீன் அன்று, பதுங்கி வேட்டையாடுவது. பாலத்தின் தூண், சாய்ந்த மரம், சுரபுன்னை வேர், ஓடை ஆற்றோடு சேரும் வாய் ஆகிய இடங்களில் ஓட்டத்தை எதிர்நோக்கி அசையாமல் நிற்கும். வற்ற நேரத்தில் ஓடைகளிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் இறங்கி வரும். அருகில் வந்ததும் தன் பெரிய வாயை ‘டப்’ என்று திறக்கும். நீரோடு இரையும் உள்ளே போய்விடும். இரவில் அந்த ஓசையைக் கேட்டே சித்தப்பா இடத்தைத் தீர்மானிப்பார். டார்ச் விளக்கை அடித்தால் அதன் கண்கள் செந்நிறமாக ஒளிரும்.

ஆண் பெண்ணாகும் விந்தை

வகுப்பில் எங்கள் பேராசிரியர் சொன்ன செய்தி இதுதான்: கொடுவா முதலில் ஆண், பிறகு பெண்.

ஏறத்தாழ மூன்று நான்கு வயதில் அது ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாகவே இனப்பெருக்கத்தில் பங்கு கொள்கிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் அதன் விந்தகம் மாறி முட்டையகமாகிறது. பப்புவா நியூகினியின் கொடுவாக்களை ஆய்ந்த மூர் என்பவர் இதை 1979-இல் விளக்கமாக எழுதினார். வயதும் அளவும் இடத்துக்கு இடம் சற்று மாறும். தொடக்கத்திலேயே பெண்ணாக இருக்கும் மீன்களும் சில உண்டு. ஆயினும் பொதுவிதி இதுவே. களவா மீன்களில் இது தலைகீழ். அவை முதலில் பெண், பின்னர் ஆண்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆட்டு மந்தையில் பெரியவற்றை விற்றால் கிடாவும் போகும், பெட்டையும் போகும். கொடுவாவில் பெரியவற்றை மட்டும் தேடிப் பிடித்தால் போவதெல்லாம் தாய்மார்களே. பத்துக் கிலோ எடையுள்ள தாய் பல பத்து லட்சம் முட்டைகள் இட வல்லது. இரண்டு கிலோ மீன் அந்நிலையை அடைய இன்னும் சில ஆண்டுகள் ஆற்றில் தப்பிப் பிழைக்க வேண்டும்.

“பண்ணையில்தான் குஞ்சு பொரிக்கிறார்களே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவாவைச் செயற்கை முறையில் முட்டையிடச் செய்து வெற்றி கண்டது. அக்குஞ்சுகள் வளர்ப்போரின் குளங்களுக்கும் கூண்டுகளுக்கும் போகின்றன. எங்கள் ஆற்றுக்குக் குஞ்சு எங்கள் ஆற்றின் தாயிடமிருந்துதான் வர வேண்டும்.

இறகுத் தூண்டில்

சித்தப்பா போடுவது உயிர் இறால் கோத்த தூண்டில். மீன் அதை இரை என்று நம்பி விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ இரைப்பையிலோ மாட்டும். அப்படி மாட்டிய மீனை விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே, விடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இந்நிலையில்தான் ஒரு பழைய நூலில் இறகுத் தூண்டிலைப் பற்றிப் படித்தேன். ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்பர். ‘ஃப்ளை’ என்றால் ஈ. நீர்ப்பூச்சிகளைத் தின்னும் ஆற்று மீன்களைப் பிடிக்கப் பூச்சி வடிவில் இறகைக் கட்டியதால் வந்த பெயர் அது. மாசிடோனிய நாட்டினர் தூண்டில் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் இறகுகள் இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் எழுத்தாளர் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் கடல் மீனுக்கும் இக்கலை வந்தது. அங்கே இறகு ஈயைப் போலன்றிச் சிறு மீனைப் போலக் கட்டப்படுகிறது. அமெரிக்கரான லெஃப்டி கிரே கட்டிய ‘டிசீவர்’, அதாவது ‘ஏமாற்றி’ என்னும் இறகு இரை, 1991-இல் அந்நாட்டு அஞ்சல் தலையிலேயே இடம் பெற்றது.

இதில் ஒரு பௌதிகச் சிக்கல் உண்டு. இறகுக்கு எடை இல்லை. எடையில்லாத பொருளைத் தூரமாக எறிய முடியாது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னே போகிறது. இறகுத் தூண்டிலில் எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய தடித்த நரம்பு அது. முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அதற்கு எண் கொடுப்பர். 8-ஆம் எண் நரம்பில் அந்த 30 அடி ஏறத்தாழ 13.6 கிராம். கடற்கரையில் சீ பாஸ் பிடிக்க 9 அடிக் கோலும் 7 முதல் 9 வரையிலான எண் நரம்பும் பொருந்தும்.

வீசும் முறைக்கு நம் ஊர் மாட்டுச் சாட்டையே உவமை. கோலைப் பின்னே கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். நரம்பு வளைந்து உருண்டு பின்புறம் நீளும். அது முழுவதும் நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னே வீசி மீண்டும் சட்டென்று நிறுத்த வேண்டும். வளைவு முன்னோக்கி உருண்டு நீர்மேல் விரியும். கடைசியில் இறகு மெல்ல விழும். பின்வீச்சு நீளுமுன் அவசரப்பட்டால் எல்லாம் காலடியில் சுருண்டு விழும். பலத்தைவிடப் பொறுமைதான் இங்கு வேண்டப்படுகிறது.

கரையில் நிற்பவருக்கு இன்னும் சில குறிப்புகள் உண்டு. இழுத்த நரம்பு அலையில் சிக்காமலிருக்க இடுப்பில் ஒரு கூடை கட்டிக்கொள்வர். மாலையில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். விடியலில் நிலக்காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும். கடலை நோக்கி வீச விடியலே நல்லது. கொடுவாவுக்குக் கடிக்கும் கூர்மையான பற்கள் இல்லை. ஆனால் செவுள் மூடி நரம்பை அறுக்கும். எனவே கடைசி முழத்தில் 18 கிலோ தாங்கும் தடித்த நைலான் வேண்டும். இறகைச் சிறு சிறு இழுப்பாக இழுத்து, இடையில் நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கொடுவா பாயும். பாய்ந்தவுடன் நீருக்கு மேல் துள்ளித் தலையை உதறும். அப்போது கோலைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்தாவிடில் முள் கழன்றுவிடும்.

எல்லாவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. இறகில் சுவையுமில்லை, மணமுமில்லை. மீன் அதை ஆற அமர விழுங்குவதில்லை. ஆகவே முள் பெரும்பாலும் உதட்டோரத்திலேயே மாட்டுகிறது. முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் எளிதில் கழற்றலாம்.

எங்கள் கரையில்

அந்தக் கோலும் நரம்பும் வாங்க எங்களுக்கு ஏது வசதி? வீட்டு வெள்ளைச் சேவலின் கழுத்து இறகை எடுத்து, தையல் நூலால் முள்ளில் கட்டினேன். தங்கூஸ் நரம்பில் அதைக் கோத்து, இரண்டு முழம் முன்னால் சிறு ஈயத்தைக் கட்டிக் கையாலேயே வீசினேன். ஈயம்தான் பறந்தது, ஆகையால் இதை முறையான இறகுத் தூண்டில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீனுக்கு முன்னே போனது இறகுதான்.

“காலேஜில கோழி உரிக்கக் கத்துக் குடுக்கிறாங்களா தம்பி?” என்று சித்தப்பா சிரித்தார். ஆறு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் ஓடை வாயில் ஒன்றரைக் கிலோ மீன் ஒன்று பாய்ந்தது. அவர் சிரிப்பு நின்றது. அந்தப் பருவத்தில் இறகுக்கு 5 மீன்கள் கிடைத்தன. ஐந்திலும் முள் உதட்டில்தான் இருந்தது. ஐந்து மீன்களைக் கொண்டு விதி வகுக்க முடியாது. எனினும் நூலில் படித்தது பொய்யில்லை என்று கண்ணால் கண்டேன்.

விடுவதா, வைத்துக்கொள்வதா?

ஆண் பெண்ணாகும் செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் விட்டா அடுத்த கரைக்காரன் புடிப்பான். அவன் விட்டா வலைக்காரன் புடிப்பான். விட்டவனுக்கு என்னடா மிச்சம்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தனி ஒருவரின் நல்லெண்ணம் போதாது என்பதால்தான் பிற நாடுகளில் அளவு விதிகள் வகுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடலிலும் ஆற்றிலும் பிடிக்கும் கொடுவாவுக்கு மேல் எல்லை 120 செ.மீ.; அதைவிடப் பெரியதை விட்டுவிட வேண்டும். சிறியவற்றுக்கும் கீழ் எல்லை உண்டு. ஐரோப்பாவில் சீ பாஸ் குறைந்தபோது, 2015-இல் பிடிக்கத்தக்க குறைந்த நீளத்தை 36 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ.யாக உயர்த்தினர். அம்மீன் பால் மாறுவதில்லை. ஆகவே அங்கே ஒருமுறையாவது முட்டையிட விடுவதே நோக்கம். நம் கொடுவாவுக்கோ இரு புறமும் காவல் வேண்டும்: சிறியது ஆணாக முதிர வேண்டும், பெரியது தாயாக நிலைக்க வேண்டும். நடுவில் இருப்பதை நாம் உண்ணலாம்.

இந்த ஆண்டு சித்தப்பாவின் மகள் கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. சேர்க்கைக்கு ஐந்தாறு வாரம் முன்பு, ஒரு பௌர்ணமி இரவில், அவர் கையிலிருந்த இறகைப் பெரிய மீன் ஒன்று பிடித்தது. கரைக்குக் கொண்டுவர அரைமணி நேரமாயிற்று. என் மார்பு உயரம் இருந்தது. முள் உதட்டோரத்தில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். நான் வாய் திறக்கவில்லை; எனக்குச் சொல்ல உரிமை இல்லை. என் கட்டணத்தை இத்தகைய மீன்தானே கட்டியது!

சித்தப்பா கையை நனைத்துக்கொண்டார். மீனைத் தூக்காமல், வயிற்றுக்கடியில் கை கொடுத்து, நீரிலேயே முள்ளைக் கழற்றினார். தலை ஓட்டத்தை நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு நின்றார். செவுள் நான்கைந்து முறை திறந்து மூடிற்று. பிறகு வாலை ஓர் அடி அடித்துப் போயிற்று; எங்கள் இருவர் முகத்திலும் சேறு.

“ரெண்டு கிலோ மீனு அஞ்சாறு புடிச்சா அவ பீசுக்கு ஆயிரும். கொஞ்சம் நாளாவும், அவ்வளவுதான்” என்றார்.

ஒரு மீனை விட்டதால் ஆறு நிறைந்துவிடாது. அடுத்த வளைவில் அதை வேறொருவர் பிடித்தும் இருக்கலாம். ஆனால் விடக்கூடிய முறையில் பிடித்தால்தான் விடுவதைப் பற்றிப் பேசவே முடியும். விதி வரும் நாளில் அதைக் காப்பாற்ற நம் கரையில் கைகள் பழகியிருக்க வேண்டும். ஒரு கோழி இறகு எனக்குக் கற்பித்த பாடம் இது.

சித்தப்பா சொன்னபடியே நாளாயிற்று. ஐந்து வாரம் பிடித்தது. என் தங்கை இவ்வாண்டு நம் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள்.