செப்டம்பர் 15: ஒரே நாள், எத்தனை சேதிகள்!

1830-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல்-மான்செஸ்டர் ரெயில் பாதை திறக்கப்பட்டது. அன்றே பார்லிமெண்டு அங்கத்தினர் ஹஸ்கிசன் என்ஜின் மோதி இறந்தார். விழா நாளே துக்க நாளாயிற்று!

1861-ல் இதே தேதியில் பிறந்தவர், மைசூரில் கிருஷ்ணராஜசாகர் அணை எழக் காரணமான என்ஜினீயர் விசுவேசுவரய்யா.

1909-ல் இதே தேதியில் காஞ்சீபுரத்தில் அண்ணா பிறந்தார். 1967-ல் தேர்தலில் அவர் கட்சி வென்றது. அவர் முதல்-மந்திரி ஆனார்.

1959-ல் டெல்லியில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியதும் இந்த நாளில்தான்.

2007-ல் ஐ.நா. சபை இதே நாளைச் சர்வதேச ஜனநாயக தினமாக அறிவித்தது. ஜனநாயகம் என்றதும் நினைவுக்கு வருவது, அண்ணா பிறந்த அதே காஞ்சீபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர்!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை அங்கே கல்லில் வெட்டினார்கள். ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஒரு சிறுவன் ஓலை எடுப்பான்.

பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஏறாது!

அன்று நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம். இன்று 18 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. உரிமை வளர்ந்துவிட்டது. கணக்குக் கேட்கும் வழக்கமும் வளர வேண்டும் அல்லவா?