உரக் கம்பெனிப் பங்கும் நம்ம வயலும்

"யூரியா கம்பெனி ஷேர் வாங்கலாமா அய்யா?" எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நெல் விற்ற பணம் ஒன்றரை லட்சம் அவர் கையில் இருக்கு. அடுத்த போகத்துச் செலவும் பிள்ளைங்க படிப்பும் அதில்தான் ஓடணும். இயற்கை விவசாயி இதைக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வங்கியில் பல வருஷம் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். கொள்கை பேசாமல் கணக்காகவே பதில் சொன்னேன்.

முதல் கேள்வி, விலை யார் கையில்? 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. இது அரசு வைத்த விலை. ஆலைக்கு ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு. மீதியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. 2018 முதல், கடையில் நாம கைரேகை வைத்து வாங்கின பிறகுதான் அந்த மானியம் கம்பெனிக்குப் போகும். மழை பொய்த்தால் மேலுரம் போட ஆள் இருக்காது. மூட்டை குடோனில் தூங்கும். கம்பெனி வாங்கின கடனுக்கு வட்டி தூங்காது.

இரண்டாவது, மூலப்பொருள். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், தூத்துக்குடியில் ஸ்பிக், இரண்டுமே நெடுங்காலம் நாப்தாவில் ஓடியவை. சில ஆண்டுகளுக்கு முன்தான் எரிவாயுவுக்கு மாறின. வாயு விலை ஏறினால் அரசு ஈடுகட்டும் என்றாலும், பணம் வந்து சேரும்வரை கம்பெனிதான் தாங்கணும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் மூழ்கின. தூத்துக்குடி ஆலையும் நின்றது. விவசாயியின் வருமானம் ஏற்கெனவே மழையை நம்பி இருக்கு. சேமிப்பையும் அதே மழையை நம்பும் தொழிலில் போட்டால், கெட்ட வருஷத்தில் இரண்டும் சேர்ந்தே படுக்கும். வெளியூர் மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

லாபமே வராது என்று நான் சொல்லவில்லை. நம் நாடு இன்னும் யூரியாவை இறக்குமதிதான் செய்கிறது, தேவை இருக்கு. வாங்கியே தீருவேன் என்பவர் ஆண்டறிக்கையில் மூன்று விஷயம் பாருங்க: மானிய பாக்கி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஆலை எத்தனை நாள் ஓடியது. போகச் செலவுக்கான பணத்தை மட்டும் அதில் இறக்காதீங்க.

இன்னொரு கணக்கும் உண்டு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 20 கிலோ. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்க. நன்றாக வளர்ந்திருந்தால் அதற்குக் குறையாத தழைச்சத்து மண்ணில் சேரும். கூடவே மண்ணுக்கு மட்கும் கிடைக்கும். மூட்டை அதைத் தராது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதைப் பிடிக்க ஆலைக்கு எரிவாயு வேணும். தக்கைப்பூண்டின் வேர்முடிச்சுக்கு வெயிலும் ஈரமும் போதும்.

தம்பி, முதலீட்டை விதையில் ஆரம்பிங்க. மிச்சம் இருந்தால், மழைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போடுங்க.